இருட்டில் விழுந்த இரண்டு

பொன்விழா மலர் போடுகிறீர்களாம், சந்தோஷம்.
அந்த இறுதி ஆட்டத்தின் கார்பன் காப்பி
என்னிடம்தான் இருக்கிறது,
கொள்முதல் நிலைய ரசீதுக் கட்டுகளுக்கு அடியில்.
இடது மூலையை மட்டும் பூச்சி தின்றிருக்கிறது,
எண்களைத் தொடவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள்.
மன்னார்குடி. மே மாதம், எண்பத்தேழு.
மேட்டூர் மின்வாரியம் எழுபத்தொன்று,
பொன்மலை ரயில்வே எழுபது.
இடைவேளையில் இருபத்தொன்பது, முப்பத்தாறு;
ரயில்வே ஏழு முன்னால்.

பாமணி ஆறு வெறும் மணலாகக் கிடந்த மாதம்.
"மேட்டூர்லேருந்து தண்ணி வரல,
டீம் வந்துட்டுதுடா!"
வேலிக் கம்பியில் தொங்கிய ஒருவன் கத்த
மூவாயிரம் பேர் சிரித்தார்கள்.
ஷீட்டில் அதற்குக் கட்டம் இல்லை.

ரயில்வேக்கு ஃப்ரீ த்ரோ இருபத்திரண்டு.
விழுந்தது ஒன்பது.
நிரப்பாத பதின்மூன்று வட்டங்களைப் பாருங்கள்,
முளைக்காத விதைநெல் மாதிரி.
அவர்கள் தோற்றது அங்கே,
இருட்டில் இல்லை என்று
இன்றைக்கும் சொல்வேன்.

இனி மின்வாரியம்.
நான்காம் எண்ணுக்குப் பதினான்கு.
எட்டாம் எண்ணுக்குப் பதினொன்று.
பதின்மூன்றாம் எண்ணுக்கு எட்டு;
ஐந்தாவது ஃபவுலில் வெளியே வந்தவன்
ஆட்டம் முடியும்வரை துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.
பதினொன்றாம் எண், அல்போன்ஸ்: முப்பத்தெட்டு.
அடிக்கோடு போடுங்கள்.
பழைய சாதனை முப்பத்தேழு. இதை இதுவரை யாரும் தாண்டவில்லை.

ஏழாம் எண், மாதையன்: சைபர்.
ஃபவுல் நான்கு.

பக்கத்தில் இருப்பதா?
பென்சில் புள்ளிகள். அச்சில் வராது, விட்டுவிடுங்கள்.
அவன் கொடுத்த பந்து இன்னொருவன் கையால்
கூடைக்குள் போனபோதெல்லாம் ஒன்று வைத்தேன்,
லாரி ஏறும் மூட்டைக்கு வைப்பேனே, அதே புள்ளி.
பத்தொன்பது.
நெல் நாற்பது கிலோ என்று பில் போடுவோம்,
சாக்கின் எடையைக் கழித்துவிட்டு.
சாக்கு இல்லாமல்
ஒரு மணியும் லாரி ஏறியதில்லை.

அவனுடைய வலது ஷூ அடிபிளந்தது.
சிமெண்ட் தரையில் ராத்திரி முழுக்க டப், டப்.
எங்கே நிற்கிறான் என்று
தலை நிமிராமலே சொல்லிவிடலாம்.

அறுபத்தொன்பது, எழுபது.
மிச்சம் நான்கு விநாடி.
கரண்ட் போனது.

மின்வாரியம் ஆடுகிற ஆட்டத்தில்!
யாருக்கும் சிரிக்க நேரமில்லை.
பக்கத்தில் கூத்தாநல்லூர் ஜபருல்லா
ஸ்டாப் வாட்சைக் காதில் வைத்துக்கொண்டான்.

டப். டப்.
அப்புறம் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லை
எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது.
வலை உரசியது.
ஜபருல்லா மணியை அடித்தான்.

யாரோ டார்ச் அடித்தார்கள்.
வலை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
நடுவர் இரண்டு விரல் காட்டினார். செல்லும்.
யார் பேரில் என்று கேட்டேன்.
"வேற யாரு?" என்றார்.
அதற்குள் அல்போன்ஸைத்
தோளில் தூக்கியிருந்தார்கள்.
கூடைக்கு அடியில் மாதையன் குனிந்து
சணல் கயிற்றால் ஷூவைக் கட்டிக்கொண்டிருந்தான்.
ஒருமுறை மேஜைப் பக்கம் பார்த்தான்.
நான் பேனா மூடியைத் தேடினேன்.

அல்போன்ஸ் எறிந்திருந்தால்
பந்தைக் கொடுத்தவனுக்கு
இருபதாவது புள்ளி வைத்திருப்பேன்.
எண்ணிப் பாருங்கள், இல்லை.

சரி, முப்பத்தெட்டு என்றே போடுங்கள்.
கீழே இருப்பது என் கையெழுத்துதான்,
இப்போது அடித்துத் திருத்தினால்
காப்பிக்கும் அசலுக்கும் ஒத்துப்போகாது.

ஒன்று மட்டும்.
இடம் போதவில்லை என்று
ஏழாம் எண்ணின் வரியை வெட்டிவிடாதீர்கள்.
மாதையன், பிறகு ஒரு கோடு,
பிறகு சைபர்.
போடுங்கள்.